கணக்கும் தலையெழுத்தும்

நமது நாட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு வருவதற்காக வெண்டைக்காயைத் தின்னச் சொல்லும் வழக்கம் ஒன்று இருந்து வருகின்றது. "நிறையச் சாப்பிடு, அப்போதுதான் கணக்கு நன்றாக வரும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிராதவர்கள் நம் வாசகர்களில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். இதனால் வெண்டைக்காய் பயிரிடுகின்றவனுக்கு நாலு காசு லாபம் கிடைத்திருக்கலாமேயொழிய, கணக்கு வந்தவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. விஷயம் வெண்டைக்காயோடு நின்றுவிட்டாலும் பெரிய பாதகமில்லை. ஆனால் அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் தவறினவுடன், "அவனுக்குக் கணக்கு மூளை இல்லை, அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்று தாயாரும், தகப்பனாரும், சில இடங்களில் உபாத்தியாயரும்கூடச் சொல்லிக் கதவைச் சாத்தி விடுகின்றார்களே, அதைப் பற்றித்தான் இன்று எழுத எண்ணுகின்றோம்.

கணக்கு மூளை என்று ஒன்று தனியாக இருப்பதாகவும், அது சில குடும்பத்தாருக்கு வம்சாவழியாக வருவதாகவும், மற்றவர்களுக்கு வராதென்றும் நம் மக்கள் மெய்யாகவே நம்பி வருகின்றார்கள். இதை மேலே இருப்பவன் நம்புவதில் ஆச்சரியமில்லை. ஏனெனில் அது அவனுக்கு லாபம். கீழே இருப்பவனும் நம்புகின்றானே, அதுதான் நமக்கு ஆச்சரியமாய் இருக்கின்றது. சந்தையில் கீரை விற்கும் கிழவியைப் பாருங்கள். ஐந்து பேர் ஒரே சமயத்தில் ஐந்து தினுசு வாங்கி, ஒருவன் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினாலும், காகிதமும் பென்சிலும் இல்லாமல் மிச்சத்தைச் சரியாக எண்ணிக் கையில் வைக்கின்றாள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த நமது பாட்டன்மார் மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று பின்னங்களை வாய்ப்பாடாகவே சொல்லிக் கொண்டிருந்தார்கள். அந்தக் கிழவியின் பேரனுக்கும், அந்தப் பாட்டனின் கொள்ளுப் பேரனுக்கும் மாத்திரம் மூளை எங்கே போய்விட்டது என்று கேட்கின்றோம்.

மூளை எங்கும் போகவில்லை. ஏணியில் படி போய்விட்டது. எப்படி என்றால், ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் ஒரு கணக்குக் கொடுப்போம்: ஓர் எண்ணில் மூன்றில் ஒரு பங்கும், நான்கில் ஒரு பங்கும் சேர்ந்தால் 7 ஆகின்றது, அந்த எண் எது? விடை 12. பையன் விழிக்கின்றான். உடனே "இவனுக்கு இயற்கணிதம் வராது" என்று தீர்ப்புச் சொல்லப்படுகின்றது. உட்கார வைத்து விசாரித்தால், அவன் தவறினது இயற்கணிதத்தில் அல்ல. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் பன்னிரண்டில் இத்தனை என்று மாற்றிக் கூட்டவேண்டும் என்கின்ற சங்கதி, நாலாம் ஐந்தாம் வகுப்பில் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தால், வகுத்தல் சரியாகத் தெரியவில்லை. அதற்கும் கீழே போனால், கடன் வாங்கிக் கழிக்கும்போது பத்தாமிடத்திலிருந்து வாங்குவது ஒன்றா பத்தா என்பதிலேயே சந்தேகம். எட்டு வயதில் விழுந்த ஓட்டைக்குப் பதினாலு வயதில் தண்டனை. அந்தத் தண்டனைக்குத் தலையெழுத்து என்று பெயர்.

இந்த ஓட்டை ஏதோ சில பிள்ளைகளிடம் மாத்திரம் இருப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 2023-ல் 'ஏசர்' என்னும் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமங்களில் 14 வயது முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் மூன்றிலக்க எண் ஒன்றை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்லிப் பார்த்ததில், சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு 43 பேர்தான். கல்லூரி வாசலில் நிற்கவேண்டிய வயதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வகுத்தல் கைவரவில்லை. பாதி ஜனத்துக்கு மேல் பிரமன் ஒரே மாதிரி எழுதிவிட்டான் என்றால், அவன் எழுத்தாளனா அச்சு யந்திரமா?

நிற்க, இதற்கு மாறாக ஒரு சரித்திரத்தை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். இது அமெரிக்காவில் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கிழக்குப் பாகத்தில் மெக்சிகோ நாட்டிலிருந்து குடியேறிய கூலிக்காரர்களும் ஏழைகளும் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அங்கே கார்ஃபீல்டு ஹைஸ்கூல் என்று ஒரு பள்ளிக்கூடம். 1970களின் நடுவில் அதன் நிலைமை எவ்வளவு கேவலமாய் இருந்ததென்றால், பள்ளிக்கூடம் என்னும் அங்கீகாரமே பறிபோய்விடும் போல் இருந்தது. அந்தச் சமயத்தில், 1974-ல், ஹைமே எஸ்கலாண்டே என்பவர் அங்கே கணக்கு உபாத்தியாயராக வந்து சேர்ந்தார். அவர் தென் அமெரிக்காவில் பொலிவியா தேசத்தவர். தம் ஊரில் கணக்கும் பௌதிகமும் கற்பித்து நல்ல பெயர் வாங்கியவர். ஆனால் அமெரிக்காவுக்கு வந்தபோது, அவருடைய பொலிவியப் படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சாப்பாட்டுக் கடையில் மேஜை துடைத்து, கம்பெனியில் வேலை பார்த்து, இராத்திரியில் இங்கிலீஷும் கணக்கும் மறுபடியும் படித்துப் பட்டம் வாங்கின பிறகே வாத்தியார் வேலைக்கு வந்தார். கற்றவனையும் பிறந்த ஊரைப் பார்த்துத் தள்ளிவைக்கும் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

அவர் வந்த பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகளுக்கே கூட்டல் கழித்தல்தான் கணக்குப் பாடம் என்று நடந்து கொண்டிருந்தது. "இவர்களுக்கு இதற்கு மேல் ஏறாது" என்பது அங்கேயிருந்தவர்களின் கட்சி. எஸ்கலாண்டே ஒத்துக் கொள்ளவில்லை. கல்லூரியில் சொல்லிக் கொடுக்கும் கால்குலஸ் என்னும் நுண்கணிதத்தையே இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது என்று தீர்மானித்தார். 1979-ல் முதல் தடவையாக அந்தப் பரீட்சைக்குப் போனவர்கள் 5 பேர். தேறினவர்கள் 2 பேர். அடுத்த வருஷம் 9 பேரில் 7 பேர். 1981-ல் 15 பேரில் 14 பேர். 1982-ல் 18 பேர் எழுதி 18 பேரும் தேறினார்கள்.

இந்த இடத்தில்தான் வேடிக்கை பிறந்தது. பரீட்சை நடத்தும் ஸ்தாபனத்தார் இந்த 18 பேரில் 14 பேருடைய விடைத்தாளைப் பார்த்து, ஒரே மாதிரியான தப்பு சிலவற்றில் இருப்பதாகவும், ஆகையால் காப்பியடித்திருப்பார்களோ என்று சந்தேகப்படுவதாகவும், மறுபடியும் பரீட்சை எழுதினாலொழிய மார்க் செல்லாதென்றும் எழுதிவிட்டார்கள். ஒரே உபாத்தியாயரிடம் ஒரே மாதிரிப் படித்தவர்கள் ஒரே மாதிரித் தப்புச் செய்யமாட்டார்களா என்று பள்ளிக்கூடத்தார் கேட்டார்கள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமாய் இருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்குமா என்று ஊரார் கேட்டார்கள். முதல் பரீட்சையில் என்ன நடந்ததென்பதைப் பற்றிப் பின்னால் இரண்டு விதமாய்ப் பேசியவர்களும் உண்டு. அதை நாம் மறைக்கவேண்டிய அவசியமில்லை. ஏனெனில் அதற்கு விடை மறு பரீட்சையிலேயே கிடைத்துவிட்டது. சில மாதம் கழித்து, புத்தகத்தை மூடி வெகுநாளான பிறகு, புதிய கேள்வித்தாளோடு, கண்காணிப்பு வைத்து நடத்திய பரீட்சையை 12 பேர் எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள்.

கீழேயிருப்பவன் பரீட்சையில் தவறினால் அது இயற்கை. யாரும் விசாரணை வைப்பதில்லை. தேறினால் மாத்திரம் விசாரணை. தவறினதற்குக் காரணம் கேட்டு எந்த ஸ்தாபனமாவது எப்போதாவது அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதியிருக்குமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இது பத்திரிகைகளில் அடிபட்டுப் பிரபலமாகி, 1988-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது. நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது இதைப்பற்றியேதான். சினிமாவில் என்ன காட்டுகின்றார்கள்? பின்னம் தெரியாத போக்கிரிப் பிள்ளைகளிடம் ஒரு வாத்தியார் வருகின்றார், அதட்டுகின்றார், தட்டிக் கொடுக்கின்றார், "மனதில் ஆசை இருந்தால் போதும்" என்கின்றார், கொஞ்ச காலத்துக்குள் எல்லாரும் கால்குலஸில் தேறிவிடுகின்றார்கள். பார்ப்பவர்களுக்குக் கண்ணீர் வருகின்றது. ஆனால் நமது அபிப்பிராயத்தில் இதுவும் நம் ஊர் ஸ்தல புராணத்துக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. ஊமையைப் பேசவைத்த மகானுக்கும் இந்தச் சினிமா வாத்தியாருக்கும் என்ன வித்தியாசம்?

நடந்தது என்னவென்றால், எஸ்கலாண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்தது 1974-ல். 18 பேர் தேறினது 1982-ல். இடையில் எட்டு வருஷம். அந்த வருஷங்களில் அவர் செய்த வேலை சினிமாவுக்கு லாயக்கில்லாத வேலை. கால்குலஸ் படிக்க வேண்டுமானால் அதற்கு முந்தின வகுப்பில் திரிகோண கணிதம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஜியோமிதியும் இயற்கணிதமும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் பின்னம். ஆகவே அவர் மேல் வகுப்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கினார். பெஞ்சமின் ஹிமேனஸ் முதலிய உபாத்தியாயர்களைச் சேர்த்துக்கொண்டு, கீழ் வகுப்புகளில் கணக்கை ஒழுங்குபடுத்தினார்கள். தம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் நடுநிலைப் பள்ளிகளிலும் இயற்கணிதம் நடக்கும்படி பார்த்தார்கள். பக்கத்திலிருந்த கல்லூரியில் கோடை விடுமுறை வகுப்பு வைத்து, ஒரு வருஷம் பின்தங்கினவன் அந்தக் கோடையிலேயே படியைத் தாண்டிக் கொள்ளும்படி செய்தார்கள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் இதற்கெல்லாம் இடங்கொடுத்தார். இப்படி ஏணியைக் கீழிருந்து கட்டிக்கொண்டு வந்ததன் பலனாகத்தான், 1987-ல் அந்தக் கூலிக்காரப் பேட்டையிலிருந்து 73 பேர் முதல் நிலைக் கால்குலஸிலும், 12 பேர் அதற்கு மேல் நிலையிலும் தேறினார்கள். 2 எங்கே, 85 எங்கே?

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்று சங்கத்தோடு சச்சரவு, சக உபாத்தியாயர்களிடையே பொறாமை, ஒத்துழைத்த தலைமை ஆசிரியர் போய்விட்டது ஆகிய காரணங்களால் 1991-ல் எஸ்கலாண்டே அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டார். சில வருஷங்களுக்குள் தேறுகின்றவர்கள் தொகை சரிந்து விட்டது. பிள்ளைகள் அதே பேட்டைப் பிள்ளைகள்தான்; அவர்களுடைய மூளை ஐந்து வருஷத்தில் கரைந்துவிடவில்லை. கட்டினவர்கள் போனபின் ஏணியைப் பழுது பார்க்க ஆளில்லை. இதை அற்புதமென்று சொல்லிக் கைதட்டினவர்கள், அந்த ஏணியை மற்றப் பள்ளிக்கூடங்களிலும் கட்டச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்கவே இல்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் கேட்கவேண்டிய அவசியமில்லையல்லவா? அற்புதத்துக்கு பட்ஜெட் கிடையாது.

நம் ஊரிலும் இதே பித்தலாட்டம் உண்டு. இராமானுஜம் என்ற கணிதமேதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் கொடுத்தாள் என்கின்ற கதைதான் முதலில் வருகின்றது. அவரே அப்படி நம்பியிருக்கலாம். அது அவர் இஷ்டம். ஆனால் ஆயிரக்கணக்கான கணித முடிவுகளைத் தொகுத்த கார் என்பவரின் புத்தகம் பள்ளி வயதில் அவர் கைக்குக் கிடைத்ததும், அவர் இராப்பகலாய்ச் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்துக் கொண்டிருந்ததும், மற்றப் பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்ததும் கதையில் மறைந்துவிடுகின்றன. தாயார் கனவில் வருவாள் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் கிடைக்க வழி உண்டா என்பதல்லவா கேள்வி?

மேலே ஏறினவர்களும் கல்லூரிக்குள் போய் ஏன் வழுக்கி விழுகின்றார்கள் என்பதற்கு இன்னொரு சங்கதி இருக்கின்றது. கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் 1970களில் யூரி ட்ரைஸ்மேன் என்பவர், முதல் வருஷக் கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாய்த் தவறுகின்றார்கள் என்று விசாரிக்கப் புகுந்தார். அங்கிருந்த பேராசிரியர்களைக் கேட்டால், ஆசை இல்லை, முன் படிப்பு போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. அநேகர் தங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவர்கள். பெற்றோர்களும் படிப்புக்காக உயிரைக் கொடுக்கிறவர்கள். வித்தியாசம் இதில் இருந்தது: சீன வம்சத்துப் பிள்ளைகள் தனியே படித்தபின் இராத்திரி ஒன்றுகூடி, ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்து, முட்டிக் கொண்ட இடத்தை எல்லோருமாய் உடைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளோ தனியறையில் ஒண்டியாய் உட்கார்ந்து, முட்டிக் கொண்டபோது தனக்குத்தான் மூளையில்லை என்று எண்ணினார்கள். ட்ரைஸ்மேன் அவர்களையும் கூட்டி உட்கார வைத்து, சுலபக் கணக்கு அல்ல, கடினமான கணக்குகளையே கொடுத்துச் சேர்ந்து போடச் செய்தார், தேர்ச்சி உயர்ந்தது. "பின்தங்கினவர்களுக்கு" என்று பெயரிட்டுத் தனிக் கொட்டகை போடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி நம் சொந்த வீட்டைக் கவனிப்போம். தமிழ்நாட்டில் தொழிற்கல்லூரிகளுக்கு இருந்த நுழைவுத் தேர்வை 2006-ல் சட்டம் செய்து எடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளையை வடிகட்டும் அந்தச் சல்லடை ஒழிந்ததை நாம் முழு மனதோடு வரவேற்கின்றோம். ஆனால் கதவு திறந்தவுடன் நம் வேலை தீர்ந்தது என்று நம்மவர்களே எண்ணிவிட்டார்கள். அதே பிள்ளை பொறியியல் கல்லூரியில் முதல் வருஷக் கணக்கிலேயே அரியர் வைத்து, நாலு வருஷம் கழித்தும் அதைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்கின்றோம். கதவைத் திறந்துவிட்டதற்காக மேடையில் மாலை வாங்கிக் கொண்டவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர் நாலாம் வகுப்பில் வகுத்தல் நடக்கின்றதா என்று எட்டிப் பார்த்திருக்கின்றோம்? இதில் நம்மையும் சேர்த்தேதான் சொல்லுகின்றோம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பதினோராம் வகுப்புக்குப் பொதுப் பரீட்சை இல்லாத காலத்தில், அநேக தனியார் பள்ளிக்கூடங்கள் அந்த வகுப்புப் பாடத்தை ஓரமாய் வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தன. பிள்ளை 200-க்கு 200 வாங்கும். பள்ளிக்கூடத்தார் ஊர் முழுவதும் படம் போட்டு விளம்பரம் செய்வார்கள். கல்லூரிக்குப் போனால் பதினோராம் வகுப்பில் விட்ட பாடத்தின்மேல்தான் அங்கே கட்டடம் எழும்பும், பிள்ளை திருதிருவென்று விழிக்கும். இதைத் தடுக்கவே 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவர வேண்டியதாயிற்று. பரீட்சை வைத்தாலொழியப் பாடம் நடத்த மாட்டோம் என்பவர்கள் நடத்துவது பள்ளிக்கூடமா மளிகைக் கடையா என்று கேட்கலாம். மளிகைக் கடைக்காரர் கோபித்துக் கொள்வார்.

2022-ல் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' என்று ஆரம்ப வகுப்புகளுக்கு ஏற்படுத்திய திட்டம், கொரோனா காலத்தில் விழுந்த பள்ளத்தை ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பிலேயே அடைக்கவேண்டும் என்ற நோக்கமுடையது. நோக்கம் சரியான இடத்தில் இருக்கின்றது. ஆனால் உபாத்தியாயர்களைப் பாடம் நடத்த விடாமல் படிவம் நிரப்பவும், செல்போனில் பதிவேற்றவும் வைத்தால், ஏணியின் படம் அலமாரியில் இருக்கும்; பிள்ளை தரையிலேயே இருக்கும். ஆறாம் வகுப்புக்கு மேலே ஏற்கெனவே போய்விட்ட பிள்ளைகளின் ஓட்டையை யார் அடைப்பது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது, வகுப்புப் பாடத்தை நிறுத்திவிட்டல்ல, அதற்குத் துணையாக, பின்னமும் வகுத்தலும் எடுக்க வேண்டும். "நீ மக்குப் பையன், பின்னால் போய் உட்கார்" என்று பிரித்து வைத்து எடுத்தால் பலனில்லை.

ஆகவே நம் தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொள்வது இரண்டொரு காரியந்தான். ஊர்தோறும் உள்ள படிப்பகங்களில் சாயந்திரம் பத்திரிகை படிப்பதோடு நிறுத்தாமல், ஒரு கரும்பலகை மாட்டி, ஏழெட்டுப் பிள்ளைகளை வட்டமாய் உட்கார வைத்து, சேர்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் பையனோ பெண்ணோ ஒருவர் கூட இருந்தால் போதும். விடையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். எங்கே முட்டுகின்றது என்று பார்த்தால் போதும். பெண்பிள்ளைகளை இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லித் தள்ளிவிடாமல், முதல் மணியை அவர்களுக்கு வையுங்கள்.

மற்றொன்று, அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கின்றது. அதில் பெற்றோர்களே பெரும்பான்மை. கூட்டத்துக்குப் போனால் சுற்றுச்சுவரையும் கழிவறையையும் பற்றி மாத்திரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகின்றோம். அவையும் வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் எழுந்து, இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு வகுத்தல் தெரியும், தெரியாதவர்களுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு யார் எடுக்கின்றார்கள், பொங்கலுக்குள் அந்தத் தொகை எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பொங்கல் கழிந்து மறுபடியும் போய் அதே நோட்டை விரித்து வையுங்கள்.